அந்த ஆர்மோனியத்தை என்ன செய்வது?



போன மாதம் வாலிபர் கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் வாக்குவாதப்பட்டது ஒரு மரப்பெட்டியைப் பற்றி. வேதபாடத்துக்கு ஒதுக்கிய நேரமும் அதிலேயே போய்விட்டது. போதகர் ஐயா கடைசியில் சிரித்துக்கொண்டு, "இதைப் பற்றி ஆராவது ஒராள் எழுதுங்கோ, அடுத்த கூட்டத்துக்கு முதல் எல்லாரும் வாசிச்சுப்போட்டு வாங்கோ" என்றார். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

பெட்டி எதுவென்று உங்களுக்குத் தெரியும். எங்கள் சீசா மண்டபத்தின் மேடைக்கு இடப்பக்கம், சுவரோரமாக, பூப்போட்ட துணி போர்த்தி இருக்கிறதே, அந்த ஆர்மோனியம். அதன் மேல் ஒரு பூச்சாடி இருக்கிறது. சிறுபிள்ளைகள் பலர் அதை ஒரு குட்டி மேசை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நினைப்பதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருடமாக அதை ஒருவரும் திறக்கவில்லை.

இப்போது புதிய ட்ரம் செட்டுக்கு இடம் வேண்டும். அதனால்தான் கேள்வி வந்தது. கூட்டத்தில் மூன்று கருத்துகள் எழுந்தன. முதலாவது, "மாநகராட்சியின் இங்கொம்ப்ராந்திக்குப் போன் பண்ணி நாள் எடுப்போம், பழைய கட்டில், சோபாவோடு சேர்த்து அவர்களே ஏற்றிக்கொண்டு போவார்கள்." இரண்டாவது, "அது எங்கள் சரித்திரம், கண்ணாடி அலுமாரி செய்து உள்ளே வைப்போம்." மூன்றாவது, மேல்மாடியில் குடியிருக்கும் வங்காளதேசக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது. அந்த வீட்டுப் பிள்ளை பாட்டுப் படிக்கிறாள். கைத்தொலைபேசியில் ஆர்மோனியம் போல் ஒலிக்கும் ஒரு செயலியைத் தட்டித் தட்டித்தான் சுருதி பிடிக்கிறாள். யன்னல் வழியாக எங்கள் எல்லாருக்கும் கேட்கிறது.

மூன்றாவது கருத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது. ஆனாலும் நான் அந்தப் பக்கம்தான். ஒரேயொரு நிபந்தனை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தப் பெட்டி எங்களுக்கு என்ன செய்தது என்று, உங்களில் இளையவர்களுக்காகச் சொல்ல வேண்டும்.

நான் ஏழு வயதில் பலெர்மோவுக்கு வந்தபோது எங்களுக்கு மண்டபம் இல்லை. ஒரு வீட்டின் சாப்பாட்டு அறையில் ஆராதனை நடந்தது. பெரியவர்கள் எல்லாரும் வீட்டு வேலைக்குப் போனவர்கள். இத்தாலியில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு வழக்கமாக வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. அதனால்தான் எங்கள் பாட்டுப் பயிற்சி இன்றுவரை வியாழன் பின்னேரம் நடக்கிறது. வேறு சபைகளில் சனிக்கிழமை நடப்பது இங்கே ஏன் வியாழன் என்று நீங்கள் யோசித்ததுண்டா? காரணம் அதுதான். அந்த வியாழக்கிழமைகளில், முழங்கால் வலியோடு வந்து, தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, எங்கள் ஆர்மோனிய மாமா இந்தப் பெட்டியைத் திறப்பார். கொழும்பிலிருந்து விமானத்தில் அவர் கொண்டுவந்த பெட்டி அது. உடுப்புகளை விட்டுவிட்டு, அந்த நிறைக்கு இதை ஏற்றினாராம். மாமி அந்தக் கதையை இன்றும் கோபத்தோடுதான் சொல்லுவா.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் நத்தார் ஆராதனைக்குக் கட்டிய சோடனை அப்படியே இருந்தது. காலையிலிருந்தே ஊருக்குப் போன் எடுத்து எடுத்து, கிடைக்காமல், முல்லைத்தீவு ஆட்களும் மட்டக்களப்பு ஆட்களும் போனைக் கையில் பிடித்தபடி ஆராதனைக்கு வந்தார்கள். போதகர் பாட்டு இலக்கத்தைச் சொன்னார். ஒருவருக்கும் குரல் வரவில்லை. மாமா பாட்டைத் தொடங்கவில்லை. ஒரேயொரு சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு துருத்தியை மட்டும் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சிறுபிள்ளையான எனக்கு மிக நீண்ட நேரமாக இருந்தது. பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா அந்தச் சுரத்தில் மெல்லப் பாடத் தொடங்கினா. அப்புறம் எல்லாரும் பாடினோம். அழுதுகொண்டுதான் பாடினோம்.

கீபோர்டிலும் ஒரு சுரத்தை அழுத்திப் பிடிக்கலாம், அதில் மூச்சுக்கூட வாங்கத் தேவையில்லை என்று ஒரு தம்பி சொன்னான். உண்மை. அதை நான் மறுக்கவில்லை. அவன் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வருகிறேன்.

இந்தப் பெட்டியை எங்கள் ஊர்ப் பொருள் என்று நாங்கள் நினைக்கிறோம். அதன் பயணம் எங்கள் பயணத்தை விட நீளமானது. 1842இல் பாரிசில் அலெக்சாந்திர் தெபெய்ன் என்பவர் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சிறிய ஆலயங்களுக்கும் வீடுகளுக்கும் அது பொருத்தமாக இருந்தது. உள்ளே மெல்லிய பித்தளை நாக்குகள் வரிசையாக இருக்கும். காற்றுப் பட்டால் அவை அதிரும். அவ்வளவுதான் அதன் இரகசியம். கதிரையில் உட்கார்ந்து காலால் மிதித்துக் காற்று ஊட்டும் அந்த வாத்தியத்தை மிஷனரிமார் கப்பலில் ஏற்றி எங்கள் பக்கத்து நாடுகளுக்குக் கொண்டுவந்தார்கள்.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் அதை மாற்றி அமைத்தார். எங்கள் பாட்டுக்காரர் தரையில் உட்காருபவர்கள். எங்கள் இசைக்கு ஒரே நேரத்தில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கத் தேவையில்லை, பாட்டின் மெட்டு போதும். அப்படியானால் வாசிக்க ஒரு கை போதும், மற்றக் கை துருத்தி போடலாம். காலும் வேண்டாம், கதிரையும் வேண்டாம். இப்படித்தான் கைத்துருத்தி வைத்த சின்னப் பெட்டி பிறந்தது. வங்காளத்தில் உருவம் மாறிய அந்தப் பெட்டி தமிழ்நாட்டு நாடக மேடைக்கும் பசனைக்கும் போனது. எங்கள் ஆலயங்களுக்குள்ளும் வந்து, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் இயற்றிய கீர்த்தனைகளுக்குத் துணையானது. சாஸ்திரியார் பாடத் தொடங்கிய காலத்தில் இந்தப் பெட்டி உலகத்திலேயே இல்லை. அதை நாங்கள் மறந்துவிடக்கூடாது. கீர்த்தனைதான் மூத்தது, பெட்டி பின்னால் வந்தது.

இதை எல்லாரும் விரும்பினார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஆர்மோனியத்தின் சுரங்கள் படிப்படியாக, மாடிப்படி போல இருக்கின்றன. எங்கள் இராகங்களில் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும், அசையும். அந்த அசைவை இந்தப் பெட்டியால் காட்ட முடியாது. அதனால் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. தாகூருக்கும் இந்தப் பெட்டி பிடிக்காது. 1971 வரை அந்தத் தடை இருந்தது, அதற்குப் பிறகும் சில கட்டுப்பாடுகளோடுதான் தளர்ந்தது. மாமாவும் எங்களுக்கு இதைத்தான் வேறு விதமாகச் சொல்லுவார்: "பெட்டியைப் பார்த்துப் பாடாதேங்கோ பிள்ளையள். பெட்டி இடம் காட்டும், அங்க எப்பிடிப் போறதெண்டு தொண்டைதான் கண்டுபிடிக்கோணும்."

ஆகவே இதைப் புனிதப் பெட்டி என்று நான் சொல்ல வரவில்லை. அப்படியானால் எறிந்துவிடலாமே என்று முதலாவது கருத்துக்காரர் கேட்கலாம்.

எறிந்த ஒரு சபையின் கதையைச் சொல்கிறேன். எங்களில் பலருக்குச் சொந்தக்காரர் இருக்கும் சூரிச் நகரம்தான். சீர்திருத்தக் காலத்தில் அங்கே இறைபணி செய்த உல்ரிக் சுவிங்லி நல்ல இசைக்காரர். வீணை போன்ற லூட், யாழ், குழல் என்று பல வாத்தியங்கள் அவருக்குக் கைவந்தவை. எதிராளிகள் அதைச் சொல்லியே அவரைக் கேலி செய்தார்கள். அப்படிப்பட்டவர்தான், ஆராதனை வசனத்தின் மேல் நிற்க வேண்டும், வாத்தியச் சத்தம் அதை மறைக்கக்கூடாது என்று முடிவெடுத்தார். 1527 டிசம்பரில் சூரிச்சின் குரோஸ்மியுன்ஸ்டர் ஆலயத்து ஆர்கன் கழற்றி உடைக்கப்பட்டது. அவருடைய நோக்கத்தை நான் மதிக்கிறேன். அன்று பாட்டு வியாபாரமாகவும் வேடிக்கையாகவும் மாறியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் ஆர்கனோடு பாட்டும் போய்விட்டது. சூரிச் ஆலயங்களில் சபையார் பாடுவது 1598இல்தான் திரும்ப வந்தது. ஆர்கன் அந்த ஆலயத்துக்குத் திரும்பி வந்தது 19ஆம் நூற்றாண்டில். எறிவதற்கு ஒரு நாள் போதும். திரும்ப எடுக்கப் பல தலைமுறை பிடித்தது.

இரண்டாவது கருத்து, கண்ணாடி அலுமாரி. இதைச் சொன்னவர்கள் அன்போடு சொன்னார்கள். அதில் ஒருவர் என் அம்மா. அதனால் கவனமாகத்தான் பதில் சொல்கிறேன்.

2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தில் எசேக்கியா ராஜா ஒரு காரியம் செய்கிறார். மோசே வனாந்தரத்தில் செய்த வெண்கல சர்ப்பம் அதுவரை பத்திரமாக இருந்தது. ஒரு காலத்தில் அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். தேவன் சொல்லிச் செய்த பொருள், மோசேயின் கைபட்ட பொருள். அதை விடப் பெரிய சரித்திரச் சின்னம் எது இருக்க முடியும்? ஆனால் சனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கிவிட்டார்கள். எசேக்கியா அதை உடைத்துப்போட்டார். இதுவரை எல்லாரும் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். இதே எசேக்கியாவைப் பற்றி 2 நாளாகமம் 29இல் இன்னொன்றும் இருக்கிறது. பூட்டிக்கிடந்த ஆலயத்தைத் திறந்து சுத்தம் செய்தபின், தாவீதின் காலத்து ஒழுங்கின்படி லேவியரைக் கைத்தாளங்களோடும் தம்புருகளோடும் சுரமண்டலங்களோடும் நிறுத்தினவரும் அவர்தான். மோசே காலத்துப் பொருளை உடைத்த அதே கை, தாவீது காலத்து இசையைத் திரும்ப நிறுத்தியது.

இரண்டுமே பழையவை. ஒன்றை விட்டார், ஒன்றை எடுத்தார். ஏன்? சர்ப்பம் செய்ய வேண்டிய வேலை முடிந்துபோய், அது வெறுமனே பார்க்கும் பொருளாகிவிட்டது. வாத்தியங்களுக்கு இன்னும் வேலை இருந்தது, அவற்றை வாசிக்க ஆட்களும் இருந்தார்கள். பழமை என்பது இரண்டு பக்கமும் அவருக்கு ஒரு காரணமாக இருக்கவில்லை.

எங்கள் ஆர்மோனியத்துக்கு ஒருவரும் தூபம் காட்டவில்லை. பூச்சாடிதான் வைக்கிறோம். ஆனால் வாசிக்காத வாத்தியத்துக்குப் பூ வைப்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய காரியம். கண்ணாடிக்குள் போனால் அதன் சாவும் சீக்கிரம் வரும். துருத்தி இழுபடாவிட்டால் தோலும் துணியும் மடிப்பு மடிப்பாக வெடிக்கும். இங்கே ஷிரோக்கோ காற்று அடிக்கிற நாட்களில் கதவு நிலையே காய்ந்து சுருங்குகிறது, பெட்டியின் மெல்லிய பலகை என்னத்துக்கு ஆகும்? ஐந்து வருடம் போனால் பார்க்க மட்டுமே முடியும் ஒரு பொருளைத்தான் எங்கள் பிள்ளைகளுக்கு விட்டுப்போவோம்.

இனி மூன்றாவது கருத்து. இதற்கு வந்த எதிர்ப்பு இலேசானதல்ல. கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "கர்த்தருடைய சந்நிதியில வாசிச்ச வாத்தியம். அதை எடுத்து வேற மார்க்கத்து வீட்டில குடுக்கலாமோ? பெல்ஷாத்சார் ஆலயத்துப் பாத்திரத்தை எடுத்து விருந்து வைச்சவன், அவனுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். மண்டபம் அமைதியாகிவிட்டது. அது நியாயமான கேள்வி. வாலிபர் யாரும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கக்கூடாது.

என் பதில் இது. தானியேல் 5இல் அந்தப் பாத்திரங்கள் கொள்ளையடித்து வந்தவை. பெல்ஷாத்சார் தேவனை இகழ்ந்து, தன் சிலைகளைப் புகழ்வதற்காக அவற்றை எடுத்தான். இங்கே கொள்ளையும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை பாட்டுப் படிக்க விரும்புகிறாள், அவளுக்கு வாத்தியம் வாங்க வசதியில்லை, எங்களிடம் வாசிக்காத ஒன்று இருக்கிறது. தாவீதின் சுரமண்டலமும் ஆலயத்துக்குள் மட்டும் ஒலிக்கவில்லை. கலங்கிய மனதோடிருந்த சவுல் ராஜாவின் வீட்டில் அவனை ஆற்றுவதற்கும் ஒலித்தது. இந்த ஆர்மோனியமும் ஆலயத்துக்காகப் பிறந்து ஆலயத்திலேயே வளர்ந்ததல்ல. நாடக மேடையையும் கோயில் பசனையையும் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தது. அதைக் கழுவிச் சுத்தம் செய்த பிறகா நாங்கள் வாசித்தோம்?

இன்னும் ஒன்று. நாங்கள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். எங்கள் மண்டபத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சீசா மாளிகையை 1165இல் கட்டத் தொடங்கியவர் முதலாம் குலியெல்மோ, ஒரு கிறிஸ்தவ ராஜா. அதன் பெயர் அரபுச் சொல், அதன் வேலைப்பாடு அரபுக் கைவினை. நோர்மன் அரண்மனையில் இருக்கும் கப்பெல்லா பலத்தீனா சிற்றாலயத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அடுத்த தடவை நிலத்தைப் பார்த்து நடக்காமல் கூரையை அண்ணாந்து பாருங்கள். கிறிஸ்துவின் சித்திரம் இருக்கும் அதே சிற்றாலயத்தில், ஒரு மரக்கூரையில் இஸ்லாமியக் கலை மரபில் வாத்தியக்காரர்களை வரைந்திருக்கிறார்கள். ஊத் என்ற அரபு வாத்தியத்தை மடியில் வைத்து வாசிக்கிறார்கள். அந்த ஊத்திலிருந்து வந்ததுதான் ஐரோப்பாவின் லூட். மேலே சொன்ன சுவிங்லி ஐயா வாசித்தாரே, அதேதான். ஒரு வாத்தியம் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகும் என்று மனிதர் கணக்குப் போட முடியாது. இந்த ஊரில் இருந்துகொண்டு அதை நாங்கள் மறக்கக்கூடாது.

வங்காளத்தில் கைத்துருத்தி பூட்டப்பட்ட பெட்டி, பலெர்மோவில் ஒரு வங்காளப் பிள்ளையின் கைக்குப் போகிறது. தாகூருக்குப் பிடிக்காத பெட்டியில் அவள் தாகூரின் பாட்டைத்தான் முதலில் பாடுவாள் என்று நினைக்கிறேன். நஸ்ருல் இஸ்லாமின் பாட்டும் பாடுவாள். அது யன்னல் வழியாக எங்களுக்குக் கேட்கும். பூச்சாடிக்குக் கீழே ஊமையாகக் கிடப்பதை விட அது எனக்குச் சந்தோசம்.

இப்போது நிபந்தனைக்கு வருகிறேன்.

இந்தக் கட்டுரை எழுதுவதற்கு முன் மாமாவைப் போய்ப் பார்த்தேன். அவரைக் கேட்காமல் அவருடைய பெட்டியைப் பற்றி நாங்கள் ஒரு மணி நேரம் கதைத்தோம் என்பதே வெட்கமாக இருந்தது. மூட்டுவாதத்தில் விரல்கள் வளைந்துவிட்டன. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். நான் மூன்று கருத்துகளையும் சொன்னேன். எறிவோம் என்று சொன்னதையும் மறைக்கவில்லை. அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெட்டியை ஆருக்கெண்டாலும் குடுங்கோ பிள்ளை. பாட்டை நான் ஆருக்குக் குடுக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை.

எங்கள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கீர்த்தனைகளின் தலைப்பில் இராகம், தாளம் என்று இரண்டு சொல் இருக்கும். மெட்டு அங்கே இல்லை. இராகத்தின் பெயரைப் பார்த்து மெட்டைப் பிடிக்க எங்களில் யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பாடுகிற மெட்டும் தமிழ்நாட்டில் பாடுகிற மெட்டும் பல பாட்டுகளுக்கு வேறு வேறு. யூடியூபில் தேடினால் ஏதோ ஒன்று கிடைக்கும். எங்கள் அம்மம்மாமார் பாடியது கிடைக்குமா? எங்கள் சபையில் இப்போது மாறி மாறிப் பாடுகிற கீர்த்தனைகளை எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. மாமாவுக்கு எத்தனை தெரியும் என்று கேட்டேன். அவர் எண்ணவில்லை. மாமிதான் உள்ளேயிருந்து, "புத்தகத்தில அரைவாசி" என்றா.

இப்போது அந்தத் தம்பி சொன்னதற்குத் திரும்பி வருகிறேன். கீபோர்டிலும் ஒரு சுரத்தைப் பிடிக்கலாம் என்றான். பிடிக்கலாம்தான். ஆனால் அந்த 2004ஆம் வருட ஞாயிறன்று, பாட்டைத் தொடங்காமல் சுரத்தை மட்டும் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது பெட்டிக்கில்லை. மாமாவுக்குத்தான் தெரிந்தது. சனம் பாட முடியாமல் இருக்கிறபோது அவசரப்படுத்தாமல் காத்திருப்பதை அவரிடம்தான் படிக்க வேண்டும். அதைப் படித்துக்கொண்டவன் கீபோர்டில் வாசித்தாலும் எனக்குச் சம்மதம். படிக்காமல் ஆர்மோனியத்தைக் கண்ணாடிக்குள் வைத்தால், நாங்கள் காப்பாற்றியது பலகையை மட்டும்தான்.

ஆல்பர்ட் சுவைட்சரைப் பற்றி ஓய்வுநாட் பாடசாலையில் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1913இல் ஆபிரிக்காவின் லம்பரேனேக்கு மருத்துவராகப் போனவர். அவர் ஐரோப்பாவில் பேர்பெற்ற ஆர்கன் வாசிப்பாளர். பழைய ஆர்கன்களைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொழிற்சாலை ஆர்கன்களைப் பூட்டிய காலத்தில், பழையவற்றைக் காப்பாற்ற 1906இல் நூல் எழுதிப் போராடினார். பழசு என்பதற்காக அவர் போராடவில்லை, அவற்றின் நாதம் நன்றாக இருந்தது என்பதற்காகத்தான். அப்படிப்பட்டவர், இனி ஆர்கன் இல்லை என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் கப்பல் ஏறப் புறப்பட்டார். கடைசியில் பாரிசின் பாக் சங்கத்தார், ஆர்கனைப் போல் கால்மிதி பூட்டிய ஒரு பியானோவைச் செய்து அவருக்குக் கொடுத்தார்கள். காட்டு மருத்துவமனையில் வேலை முடிந்த இரவுகளில் அவர் அதில் வாசித்துப் பழகினார். பிறகு ஐரோப்பாவுக்கு வந்து ஆர்கன் கச்சேரி செய்து அந்த மருத்துவமனைக்குப் பணம் சேர்த்தார். ஆர்கன்கள் ஐரோப்பாவில் நின்றுவிட்டன. அவர் படித்த இசை அவரோடு கப்பலில் போனது. அதை அவர் ஏற்கெனவே உள்ளே எடுத்து வைத்திருந்தார்.

எங்கள் பெற்றோரும் அப்படித்தான் வந்தவர்கள். சங்கீதம் 137இல் சிறைப்பட்டுப் போனவர்கள் கின்னரங்களை மரத்தில் தொங்கவிட்டு அழுகிறார்கள், அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவது என்று கேட்கிறார்கள். எங்கள் பெற்றோர் சாப்பாட்டு அறையில் பாய் விரித்துப் பாடினார்கள். நாங்கள் அழவும் இல்லை, பாடவும் இல்லை, பூச்சாடி வைத்துவிட்டோம்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு என் யோசனை இது. முதலாவது, ஆர்மோனியத்தை மேல்மாடிப் பிள்ளைக்குக் கொடுக்கத் தீர்மானிப்போம். ஆனால் மூன்று மாதம் கழித்துக் கொடுப்போம். இரண்டாவது, அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு வியாழன் பின்னேரமும் மாமாவை மண்டபத்துக்குக் காரில் கூட்டிக்கொண்டு வருவோம். அவர் வாசிக்கத் தேவையில்லை. நாங்கள் துருத்தி போட, அவர் பாட, எங்களில் இரண்டு பேர் கட்டைகளைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். ஒரு நாளைக்கு மூன்று பாட்டு. போனில் பதிவு செய்வோம், ஆனால் பதிவு செய்துவிட்டோம் என்று விட்டுவிடாமல் அடுத்த வியாழன் அந்த மூன்றையும் பார்க்காமல் பாடுவோம். மூன்றாவது, கீபோர்ட் வாசிக்கும் தம்பிமார் கட்டாயம் வர வேண்டும். ட்ரம் செட் அதுவரை பெட்டியிலேயே இருக்கட்டும், அதற்கு ஒன்றும் ஆகாது.

தமிழ் வாசிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கு வரிகளை இத்தாலிய எழுத்தில் எழுதித் தர நான் ஆயத்தம். கருத்தையும் சொல்லித் தருவேன்.

பெல்ஷாத்சாரைச் சொன்ன பெரியவரிடமும் ஒரு வேண்டுதல். உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. பெட்டி போனால் எல்லாம் போய்விடும் என்ற பயம் அது. அது வீணான பயம் என்று காட்டுவது எங்கள் கையில் இருக்கிறது. பன்னிரண்டு வியாழக்கிழமை எங்களோடு வந்து உட்காருங்கள். அதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், திரும்பவும் கதைப்போம்.

மாமா வீட்டிலிருந்து நான் எழும்பும்போது, அந்த வங்காளப் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டார். பத்து அல்லது பதினொன்று இருக்கும் என்றேன். "வாசிச்சு முடிஞ்சோடன துருத்தியை அமத்திக் கொளுவச் சொல்லு. திறந்தபடி விட்டால் பழுதாப் போகும். யன்னலுக்குக் கிட்ட, வெயில் படுற இடத்தில வைக்க வேண்டாமெண்டும் சொல்லு" என்றார். பிறகு, "வேண்டாம், நானே சொல்லுறன். அவளைக் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

வருகிற வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்கு மண்டபத்தில் பூச்சாடியை நான் எடுத்து வைத்துவிடுகிறேன். நீங்கள் வாருங்கள்.